கண் டாக்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எழுத்து மங்கலாகத் தெரிந்தால் நம்மில் பலர் நேராகப் போவது கண்ணாடிக் கடைக்குத்தான். வாசலில் 'இலவசக் கண் பரிசோதனை' என்ற பலகை, உள்ளே தாடையை வைத்துப் பார்க்கும் ஒரு மெஷின், இரண்டு நிமிடத்தில் பவர், அன்று மாலையே கண்ணாடி. பவர் மாறியதுதான் கோளாறு என்றால் இதில் தப்பில்லை. ஆனால் அந்த மெஷினுக்குப் பவரை மட்டும்தான் அளக்கத் தெரியும். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு தேய்ந்துகொண்டிருந்தாலும், சர்க்கரை நோயால் விழித்திரையில் ரத்தம் கசிந்திருந்தாலும் அதில் தெரியாது. இரண்டுமே வலிக்காது. பலருக்கு நோய் முற்றும்வரை நேர்ப் பார்வை கெடாமலேயே இருக்கும். "கண்ணாடி மாத்தினேன், நல்லாத் தெரியுது" என்ற நிம்மதியில் இரண்டு மூன்று வருடம் ஓடிவிட்டால், நரம்பு தேய்ந்து போன பார்வையை யாராலும் மீட்டுத் தர முடியாது.

ஆகவே டாக்டரைத் தேடுவதற்கு முன், நமக்கு வேண்டியது கண்ணாடியா, முழுப் பரிசோதனையா, குறிப்பிட்ட நோய்க்குச் சிகிச்சையா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஊரில் யாருக்குப் பெரிய பெயர் என்று விசாரிப்பது அதற்கு அடுத்த வேலை. கண்ணின் எந்தப் பகுதியில் கோளாறோ அந்தப் பகுதிக்குப் பயிற்சி பெற்றவரா, அதை முழுசாகப் பார்க்கிறாரா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

விசாரிக்க நேரமில்லாத நிலைமைகள்

சிலவற்றில் யார் நல்ல டாக்டர் என்று கேட்டுக்கொண்டிருக்கவே கூடாது. கண் பிரிவு உள்ள, பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவு உண்டு.

சுண்ணாம்பு, ஆசிட், பேட்டரித் தண்ணீர், கழிவறை கழுவும் திரவம் எது கண்ணில் பட்டாலும், வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே கழுவ ஆரம்பிக்க வேண்டும். இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, சுத்தமான தண்ணீரை 15 முதல் 30 நிமிடம் வரை விடாமல் ஊற்ற வேண்டும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தைகள் பிதுக்கி, அது கண்ணில் தெறிப்பது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் விபத்து. சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது. பெரும்பாலான அமிலங்களைவிட ஆழமாக இறங்கிக் கருவிழியை வேகவைத்துவிடும். அதன் துகள்கள் மேல் இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு மறுபடியும் மறுபடியும் கரையும். இமையைத் திருப்பி அவற்றை எடுப்பது டாக்டரின் வேலை. ஆனால் வீட்டில் முதல் கால் மணி நேரம் கழுவியதா இல்லையா என்பதில்தான் பார்வை தப்புவது பெரும்பாலும் இருக்கிறது.

கம்பி, கண்ணாடித் துண்டு, பட்டாசுச் சிதறல் என்று எதுவும் கண்ணைக் குத்தியிருந்தால் இதற்கு நேர்மாறு: கழுவக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தியதைப் பிடுங்கக் கூடாது. பேப்பர் கப்பின் அடிப்பகுதியை வெட்டிக் கண்ணின் மேல் படாமல் மூடி ஒட்டிக்கொண்டு போங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் தரக் கூடாது.

ஒரு பக்கத்தில் திரை இறங்கியதுபோல் மறைப்பது, மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தெரிவது, திடீரென்று கூட்டமாகக் கறுப்புப் புள்ளிகள் மிதப்பது ஆகியவை விழித்திரை கிழிவதன், விலகுவதன் அடையாளங்கள். அன்றைக்கே விழித்திரை நிபுணர் பார்க்க வேண்டும். வலியே இல்லாமல் ஒரு கண்ணில் சட்டென்று பார்வை போனால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதில் கையில் இருப்பது சில மணி நேரம்தான். பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கையாகவும் அது இருக்கலாம். கண் சிவந்து, பாதித் தலை பிளக்கும் வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் இவை சேர்ந்து வந்தால் கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கிறது என்று நினைக்க வேண்டும். வாந்தியைப் பார்த்துவிட்டுப் பித்தம், ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டு ஒரு ராத்திரியைக் கழிப்பவர்கள் உண்டு. அந்த ஒரு ராத்திரியே நரம்பைக் கெடுத்துவிடப் போதும்.

அறுவடைக் காலத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. நெல், உமி, கரும்புத் தோகை கண்ணில் கீறினால் நாக்கால் எடுப்பவரிடமும், இலைச்சாறு விடுபவரிடமும், தாய்ப்பால் ஊற்றச் சொல்பவரிடமும் போகாதீர்கள். பயிரால் ஏற்பட்ட கீறலில் பூஞ்சை வளரலாம். வளர்ந்தால் சில நாளில் கருவிழியில் வெள்ளையாகப் புண் தெரியும். பூஞ்சைப் புண்ணுக்கு மருந்துக் கடையில் சிவப்புக் குறைய வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை ஊற்றினால் புண் வேகமாகப் பரவும். புண்ணைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பூஞ்சையா பாக்டீரியாவா என்று சொல்லும் வசதி உள்ள இடத்துக்குப் போவதுதான் சரி. அந்த வசதி இல்லாத கிளினிக்கில் பத்து நாள் மருந்து மாற்றி மாற்றி ஊற்றுவது வீண்.

யார் யார், என்ன படித்தவர்கள்

கண்ணாடிக் கடையில் இருப்பவர் லென்ஸை அளவெடுத்துப் பிரேமில் பொருத்தத் தெரிந்தவர். ஆப்டோமெட்ரிஸ்ட் நான்காண்டுப் பட்டப்படிப்பு முடித்தவர். பவரைத் துல்லியமாகப் பார்ப்பதிலும் கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவதிலும் இவர்தான் கைதேர்ந்தவர். கண் மருத்துவமனைகளில் முதலில் நம்மை உட்கார வைத்துச் சோதிப்பவர் பெரும்பாலும் இவர் அல்லது பயிற்சி பெற்ற கண் மருத்துவ உதவியாளர். நோயைத் தீர்மானித்து மருந்து எழுதவும் ஆபரேஷன் செய்யவும் தகுதி உள்ளவர் கண் டாக்டர் மட்டுமே. வெள்ளைக் கோட்டைப் பார்த்து டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சம் தேவையில்லை.

எம்.பி.பி.எஸ். முடித்தபின் மூன்றாண்டு எம்.எஸ். ஆப்தல்மாலஜி (கண் மருத்துவப் பட்டமேற்படிப்பு) அல்லது அதற்கு இணையான டி.என்.பி. படித்திருப்பார். மூத்த டாக்டர்கள் பலரிடம் டி.ஓ. என்ற இரண்டாண்டு டிப்ளமோ இருக்கும். அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை, முப்பது வருட அனுபவம் அதற்குப் பின்னால் இருக்கலாம். நாம் பார்க்க வேண்டியது அதற்கு அடுத்து: ஃபெலோஷிப் எதில்? விழித்திரை, கருவிழி, கண் நீர் அழுத்தம், குழந்தைகள் கண், இமை என்று ஒரு பிரிவில் ஓரிரண்டு ஆண்டு தனியாகப் பயிற்சி எடுப்பதுதான் ஃபெலோஷிப். எஃப்.ஆர்.சி.எஸ்., எஃப்.ஐ.சி.ஓ. போன்றவை தேர்வெழுதிப் பெறுபவை. எந்தப் பிரிவில் கைப்பழக்கம் உண்டு என்பதை அவை சொல்லாது.

டாக்டரின் பதிவு எண் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் இருக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை. அந்த எண்ணையோ பெயரையோ தமிழ்நாடு மருத்துவ கவுன்சில், தேசிய மருத்துவ ஆணையம் இவற்றின் இணையதளப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். எண்ணே அச்சிடாத சீட்டு கொடுப்பவரிடம் ஆபரேஷன் வரை போக வேண்டாம்.

எந்தப் பிரிவுக்குப் போவது

பவர், சாதாரண கண்புரை, மெட்ராஸ் ஐ, கண் உலர்வு இவற்றுக்குப் பொதுக் கண் டாக்டர் போதும். சர்க்கரை, ரத்த அழுத்தத்தால் வரும் ரத்தக் கசிவு, நடுப் பார்வை வளைந்து நெளிந்து தெரிவது, விழித்திரை விலகல் ஆகியவற்றுக்கு விழித்திரை நிபுணர். கண் நீர் அழுத்த நோய்க்குக் கிளாக்கோமா நிபுணர். கண்ணாடி போட்டும் தெளியாத, வருடா வருடம் சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாததால் வரும் பவர்) ஏறும் பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கருவிழி கூம்பாகிக்கொண்டிருக்கலாம் என்பதால் கருவிழி நிபுணர். இரட்டையாகத் தெரிவது, இமை திடீரென்று தொங்குவது இவற்றுக்கு நரம்பு சார்ந்த கண் நிபுணர். இது மூளை சம்பந்தப்பட்டதாகவும் இருக்கலாம் என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

எந்தப் பிரிவு என்று தெரியாவிட்டால் பொதுக் கண் டாக்டரிடமே தொடங்கலாம். "இது என் பிரிவு இல்லை, இன்னாரிடம் போங்கள்" என்று எழுதி அனுப்பும் டாக்டரை நம்பலாம். அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். ஒரு தடவை செய்து முடியும் ஆபரேஷனுக்கு மதுரைக்கோ சென்னைக்கோ போய் வருவது சரிதான். சர்க்கரை நோயால் விழித்திரை வீங்கிக் கண்ணில் ஊசி போட்டுக்கொள்பவர் ஆரம்பத்தில் மாதம் ஒரு தடவை போக வேண்டும். கிளாக்கோமாக்காரர் ஆயுள் முழுக்க மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். ஆறு மணி நேரப் பஸ் பயணத்தில் உள்ள பெரிய டாக்டரிடம் இரண்டு தடவை போய்விட்டு நிறுத்துவதைவிட, ஒரு மணி நேரத்தில் உள்ள நல்ல டாக்டரிடம் தவறாமல் போவதுதான் பார்வையைக் காக்கும். முதல் தடவை பெரிய இடத்தில் காட்டி, சிகிச்சையை முடிவு செய்துகொண்டு, தொடர் பரிசோதனையை ஊர்ப்பக்கம் வைத்துக்கொள்வதும் நடைமுறைக்கு ஒத்த வழி.

முழுப் பரிசோதனை எப்படி இருக்கும்

ஒரு டாக்டர் எப்படிப்பட்டவர் என்று கண்டுபிடிக்க நோயாளியின் கையில் இருக்கும் நல்ல வழி இது. நாற்பது வயதைத் தாண்டியவர் முதல் தடவை போகும்போது, காத்திருப்பையும் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

முதலில் ஆறு மீட்டரில் உள்ள எழுத்துப் பலகையை ஒவ்வொரு கண்ணாகப் படிக்கச் சொல்வார்கள். 6/6 என்றால் சாதாரணப் பார்வை. 6/18 என்றால் மற்றவர்கள் 18 மீட்டரில் படிப்பதை நீங்கள் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்க முடிகிறது. இரண்டு கண்ணையும் தனித்தனியாக எழுதினார்களா என்று பாருங்கள். ஒரு கண் மட்டும் மங்கியிருப்பதை இன்னொரு கண் வருடக்கணக்கில் மறைத்துவிடும். அடுத்து பவர். மெஷின் கொடுப்பது ஆரம்பப் புள்ளி. அதற்குமேல் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு "இதுவா, அதுவா" என்று கேட்டு முடிவு செய்ய வேண்டும். மெஷின் சீட்டை அப்படியே கண்ணாடிக்கு எழுதினால், போட்டதும் தலைசுற்றலோ வலியோ வரலாம்.

பிறகு டார்ச் வெளிச்சம். அறையை மங்கலாக்கி, ஒரு கண்ணில் இரண்டு மூன்று விநாடி வெளிச்சம் காட்டிவிட்டுச் சட்டென்று மறு கண்ணுக்கு மாற்றுவார்கள். மறுபடி முதல் கண்ணுக்கு. வெளிச்சம் பட்டதும் பாப்பா, அதாவது கண்ணின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம், சுருங்க வேண்டும். சுருங்காமல் விரிந்தால் அந்தப் பக்கப் பார்வை நரம்பிலோ விழித்திரையிலோ பெரிய கோளாறு இருக்கிறது. ஒரு நிமிடம்கூட ஆகாத, செலவே இல்லாத இந்தச் சோதனையைச் சொட்டு மருந்து ஊற்றுவதற்கு முன்னால்தான் செய்ய முடியும். மருந்து விட்டபின் பாப்பா அசையாது. பரபரப்பான கிளினிக்குகளில் முதலில் விட்டுப்போவது இதுதான். இதைச் செய்துவிட்டு மருந்து ஊற்றும் இடத்தில் வேலை முறையாக நடக்கிறது என்று நம்பலாம்.

ஸ்லிட் லேம்ப் என்ற மைக்ராஸ்கோப்பில் தாடையை வைத்துக் கண்ணின் முன்பகுதியைப் பார்ப்பார்கள். கண் அழுத்தம் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருப்பது வழக்கம். 'புஸ்' என்று காற்றடித்து அளப்பது முதற்கட்டச் சோதனைக்குச் சரி. சந்தேகம் என்றால் மரத்துப்போகும் சொட்டு விட்டு, மஞ்சள் சாயம் தொட்டு, நீல ஒளியில் கருவிழியைத் தொட்டு அளக்கும் முறைதான் நம்பகமானது. கருவிழி மெலிதாக இருந்தால் அழுத்தம் குறைத்துக் காட்டும், தடிப்பாக இருந்தால் கூட்டிக் காட்டும். அதனால் கிளாக்கோமா சந்தேகம் உள்ளவருக்குக் கருவிழித் தடிப்பையும் அளக்க வேண்டும். அழுத்தம் 21க்குள் இருந்தும் நரம்பு தேய்பவர்கள் உண்டு. ஆகவே "பிரஷர் நார்மல்" என்ற ஒரு வரி கிளாக்கோமா இல்லை என்பதற்குச் சான்றாகாது. நரம்பைப் பார்த்தாக வேண்டும்.

கடைசியாகப் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து. விரிய அரை மணி நேரம் ஆகும். பலருக்குத் திரும்ப விடுவார்கள். அதன்பின் டாக்டர் தலையில் விளக்கு மாட்டியோ, ஸ்லிட் லேம்ப்பில் லென்ஸைப் பிடித்தோ விழித்திரையைப் பார்ப்பார். நான்கு முதல் ஆறு மணி நேரம் கிட்டத்தில் மங்கும், வெயில் கூசும். பைக்கில் போக வேண்டாம். கூலிங் கிளாஸும் ஒரு துணையும் வேண்டும். சர்க்கரை நோயாளியை, மைனஸ் பவர் அதிகம் உள்ளவரை, புள்ளி மிதக்கிறது என்று வந்தவரை இந்த மருந்து விடாமல் பார்த்து "நல்லா இருக்கு" என்று அனுப்பினால் அந்தப் பரிசோதனை முடியவில்லை. "நேரம் இருக்கிறது, மருந்து விட்டே பாருங்கள் டாக்டர்" என்று கேளுங்கள்.

கண்புரை ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டியவை

புரை 'முற்றி'ப் பழுக்கட்டும் என்று காத்திருந்த காலம் போய்விட்டது. வேலை செய்ய, படிக்க, இரவில் ரோட்டைக் கடக்க இடைஞ்சலாக இருந்தால் எடுத்துவிடலாம். பாறையாக இறுகிய புரையை எடுப்பது கடினம்; கட்டுமீறி முற்றினால் உள்ளே கசிந்து கண் அழுத்தத்தை ஏற்றும். அதே சமயம், 6/9 பார்வையோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பவரிடம் "நாளைக்கே செய்யணும்" என்று அவசரப்படுத்தினால் வேறொரு டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். சாதாரண புரையில் நாட்கணக்கில் அவசரம் கிடையாது.

'லேசர் ஆபரேஷன்' என்று சொல்வது பெரும்பாலும் பேக்கோதான். அதில் அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து உறிஞ்சுகிறார்கள். துளை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. தையலில்லாத சிறுதுளை ஆபரேஷனில் ஆறு மில்லிமீட்டர் அளவுக்குத் துளை இருக்கும். குணமாகக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், சிலிண்டர் பவர் சற்று கூடலாம். இறுகிய புரைக்கு அதுவே பாதுகாப்பானதாக இருப்பதும் உண்டு. தேர்ந்த கையில் இரண்டுமே நல்ல பார்வை தரும். ஆகவே மெஷினின் பெயரைவிட, அந்த டாக்டர் இந்த ஆபரேஷனை வாரம் எத்தனை செய்கிறார் என்ற கேள்விக்கு மதிப்பு அதிகம். பயிற்சி மருத்துவமனைகளில் ஜூனியர் டாக்டர், மூத்தவரின் மேற்பார்வையில் செய்வது வழக்கம். "என் கண்ணை யார் செய்வார்கள்?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

லென்ஸ் விஷயத்தில்தான் பணம் அதிகம் புரள்கிறது. ஒற்றைக் குவிய லென்ஸ் தூரத்துக்குத் தெளிவு தரும், படிக்கக் கண்ணாடி வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும் என்பது எங்கள் கருத்து. டோரிக் லென்ஸ் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு. மல்டிஃபோகல் லென்ஸ் கண்ணாடி இல்லாமல் படிக்க உதவும். ஆனால் இரவில் எதிரே வரும் லைட்டைச் சுற்றி வளையம் தெரியும், மங்கிய வெளிச்சத்தில் தெளிவு குறையும். இரவு வண்டி ஓட்டுபவர், சர்க்கரையால் விழித்திரை கெட்டவர், கிளாக்கோமா உள்ளவர் இதைத் தவிர்ப்பது நல்லது. இந்த மூன்றையும் கேட்காமலேயே விலை உயர்ந்த 'பேக்கேஜ்' சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். இந்தியாவில் செய்த லென்ஸ் மட்டம் என்று பயமுறுத்தினாலும் நம்ப வேண்டாம். மதுரையில் 1992இல் தொடங்கிய ஆரோலேப் தயாரிக்கும் லென்ஸ்கள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன.

நீங்களாகவே டாக்டரிடம் சொல்ல வேண்டியதும் உண்டு. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிட்டிருந்தால், நிறுத்தி வருடமாகியிருந்தாலும் சொல்லுங்கள். ஆபரேஷனின்போது பாப்பாவைச் சுற்றியுள்ள கருந்திரை தளர்ந்து தொங்கிச் சிக்கலாகும். தெரிந்தால் டாக்டர் தயாராக இருப்பார். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். முன்பு லேசிக் (கண்ணாடி இல்லாமல் பார்க்கக் கருவிழியை லேசரால் திருத்தும் ஆபரேஷன்) செய்திருந்தால் லென்ஸ் பவர் கணக்கே மாறும், அதையும் சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்து வரும்போது லென்ஸின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். அதில் கம்பெனி, மாடல், பவர், வரிசை எண் இருக்கும். இரவில் கூப்பிட வேண்டிய நம்பரையும் வாங்குங்கள். முதல் வாரங்களில் வலி கூடி, சிவந்து, பார்வை குறைந்தால் உள்ளே கிருமித் தொற்றாக இருக்கலாம். அது மணிக்கணக்கில் கண்ணை அழிக்கும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நம்பரைத் தராத, ராத்திரியில் எடுக்க ஆளில்லாத இடத்தில் ஆபரேஷனே வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு

இரண்டாம் வகைச் சர்க்கரை என்று தெரிந்த அன்றே விழித்திரைப் பரிசோதனைக்கு நாள் குறிக்க வேண்டும். பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. முன்பே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்க்க வேண்டும், கர்ப்ப காலத்தில் விழித்திரை வேகமாகக் கெடலாம். டாக்டரைப் பார்க்கும்போது அவர் கடைசி மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் பற்றிக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்பவர்தான் முழுசாகப் பார்ப்பவர். விழித்திரைக்கு லேசர் சிகிச்சை வைத்தால் பார்வை கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள்; இருப்பதைக் காப்பதற்குத்தான் அது. இதை முன்னாலேயே விளக்காத இடங்களில், "லேசர் வச்சும் சரியாகல" என்று சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

குழந்தைகளுக்கு

குறைமாதத்தில் பிறந்த, அதாவது 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2,000 கிராமுக்குக் குறைவான எடையுள்ள குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை பிறந்த 30 நாளுக்குள் நடக்க வேண்டும். 28 வாரத்துக்கும் முன் பிறந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே. குழந்தை எடை போடட்டும், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தள்ளினால் நிரந்தரக் குருடாகிவிடும் ஆபத்து உண்டு. போட்டோவில் குழந்தையின் கண் பாப்பா வெள்ளையாகத் தெரிந்தால் அந்த வாரத்திலேயே காட்டுங்கள். கண்ணில் புற்றுநோயாக இருக்கலாம்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்ற பேச்சால் எத்தனையோ பிள்ளைகள் ஒரு கண்ணின் பார்வையை இழந்திருக்கிறார்கள். மாறிய கண்ணிலிருந்து வரும் படத்தை மூளை ஒதுக்கிவிடும். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடிப் பழக்கினால் நன்றாக மீளும், அதன்பின் கடினம். பள்ளியில் சேர்க்கும் முன், மூன்று நான்கு வயதில் ஒரு தடவை எல்லாக் குழந்தைக்கும் பரிசோதனை வேண்டும். சிறு குழந்தைக்குப் பவர் பார்க்கும்போது கண்ணின் குவியத் தசையைத் தளர்த்தும் மருந்து விட்டே பார்க்க வேண்டும். சிலருக்கு மூன்று நாள் வீட்டில் களிம்பு போட்டுவிட்டு வரச் சொல்வார்கள். அது இல்லாமல் மெஷினில் மட்டும் பார்த்துத் தந்த கண்ணாடியை நம்ப வேண்டாம். குழந்தை கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதால் இல்லாத மைனஸ் பவரை மெஷின் காட்டும்.

லேசிக்

இங்கே ஒரே அளவுகோல்: எல்லோருக்கும் 'செய்யலாம்' என்று சொல்லும் இடத்தைத் தவிருங்கள். 18 வயது தாண்டி, ஒரு வருடமாகப் பவர் மாறாமல் இருக்க வேண்டும். கருவிழியின் வடிவமும் தடிப்பும் படமெடுத்துப் பார்க்க வேண்டும். சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸை ஓரிரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லாமல் அன்றே அளந்தால் அந்த அளவு தப்பாக வரும்.

செலவு, சீட்டு, ஆவணம்

கட்டணத்தை முன்னாலேயே எழுதி வைக்க வேண்டும், கமிஷன் வாங்கக் கூடாது என்பவை 2002ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே உள்ளன. கண்ணாடிச் சீட்டைக் கையில் தர வேண்டும். எங்கே வாங்குவது என்பது உங்கள் விருப்பம். மருத்துவக் காப்பீடு இருந்தால், பல பாலிசிகளில் கண்புரைக்குக் காத்திருப்புக் காலமும் ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இருப்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று மருத்துவமனையிலுள்ள அந்தத் திட்டக் கவுன்டரில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

பணமில்லை என்பதால் தரம் குறைந்த சிகிச்சையை ஏற்க வேண்டிய கட்டாயம் தமிழ்நாட்டில் இல்லை. 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரியிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ஆபரேஷன் இலவசம். 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த், 1978இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இலவசப் பிரிவு உண்டு. ஊர் முகாமுக்குப் போவதென்றால் மூன்று விஷயம் கேளுங்கள்: ஆபரேஷன் எந்த மருத்துவமனையில் நடக்கும், மறுநாள் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்களா, ஒரு மாதம் கழித்துப் பவர் பார்க்கத் திரும்ப வருவார்களா. பள்ளிக்கூட அறையிலோ கல்யாண மண்டபத்திலோ ஆபரேஷன் என்றால் போக வேண்டாம்.

மருந்துச் சீட்டில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் என்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள். அடுத்த முறை கண் சிவந்தால் அதே பாட்டிலை மறுபடி ஊற்றாதீர்கள். மாதக்கணக்கில் ஊற்றிக் கண் அழுத்தம் ஏறிப் பார்வை போனவர்களில் சின்னப் பிள்ளைகளும் உண்டு.

முதல் தடவை போகும்போது பழைய கண்ணாடி, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள், ஊற்றும் சொட்டு மருந்து பாட்டில்கள், சமீபத்திய ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாம் பையில் இருக்கட்டும். அப்பா, அம்மா, அண்ணன் யாருக்காவது கிளாக்கோமா என்றால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். டாக்டரை மாற்றுவதாக இருந்தால் பழைய இடத்தில் உங்கள் ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கிளாக்கோமாக்காரர்களுக்கு மிக முக்கியம் முதன்முதலில் எடுத்த ஃபீல்டு டெஸ்ட் (பக்கப் பார்வையை அளக்கும் சோதனை) தாளும் நரம்பு ஸ்கேனும். நோய் நகர்கிறதா நிற்கிறதா என்பதைப் புது டாக்டர் அந்தத் தாளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அது இல்லாவிட்டால் புதிதாக எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, இரண்டாவதை எடுத்த பிறகே மருந்து போதுமா என்று தெரியவரும்.